பரண்மேல் உப்பு ஜாடி

எங்கள் வீட்டு அடுப்படியில் பதினான்கு மாதம் உப்பு கிடையாது. ஜாடியைத் துடைத்து, வாயில் துணி கட்டி, பரண்மேல் ஏற்றியவள் நான்தான். நாற்காலிமேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அன்றைக்குத் தவறி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டிருந்தால் வேறு யாராவது வந்து சமைத்திருப்பார்கள். பழியும் அவர்கள் தலையில் போயிருக்கும்.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ஒரு பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் லேத் ஓட்டியவர். ஒரு நாள் காலை மேனாம்பேட்டிலிருந்து ரயில் பிடிக்க நடந்து போனவர், பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் ரத்தத்தை இறைக்கிற சக்தி குறைந்துவிட்டது என்றார். உப்பு சேர்ந்தால் உடம்பில் தண்ணீர் தங்கும், தண்ணீர் தங்கினால் இதயத்துக்குப் பாரம், கடைசியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினார். "உப்பைக் குறைச்சிடுங்கம்மா. இனிமே எல்லாம் உங்க கையிலதான்" என்றார்.

எவ்வளவு குறைப்பது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெளியே டோக்கனோடு அத்தனை பேர் நின்றார்கள், அடுத்த ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். குறை என்றால் ஒழி என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு எதையும் பாதியில் செய்யத் தெரியாது. அதை என் கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

உப்பில்லாத சாப்பாடு என்று வாயால் சொல்வது சுலபம். உப்பு போடாத புளிக்குழம்பு வெறும் புளித்தண்ணீர். கீரை வெறும் இலை. அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று சமைக்க மனசு வரவில்லை, நானும் அதையேதான் தின்றேன். முதல் வாரம் அவர் பேசாமல் சாப்பிட்டார். இரண்டாவது வாரம் தட்டைத் தள்ளினார்.

"இன்னாமே இது, வாயில வைக்க முடியல. ஒரே ஒரு கல்லு போடுமே. ஒரு கல்லு உப்புல நான் செத்துடப் போறனா?"

"இன்னிக்கு ஒரு கல்லும்பீங்க, நாளைக்கு ரெண்டு கல்லும்பீங்க. அப்புறம் ஆஸ்பத்திரிதான். கம்முனு துன்னுங்க."

அவர் நாலு வாய் உள்ளே தள்ளிவிட்டு எழுந்துபோவார். நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய மனிதர், ஒரு கல் உப்புக்காக என்னிடம் கெஞ்சினார். நான் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருப்பதுதான் அன்பு என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மனசு கேட்காமல் அவருக்கு வேறு வழியில் ஈடுசெய்யப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் நோயாளிக்கு என்று ஒரு சாப்பாடு உண்டு. காய்ச்சல் என்றால் பிரெட், வயிற்றுப்போக்கு என்றால் பிரெட், ஆபரேஷன் முடிந்து கண் விழித்தால் முதலில் கொடுப்பதும் பாலில் நனைத்த பிரெட்தான். ஆஸ்பத்திரிக்கு ஒருவரைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போக மாட்டார். வாசலில் இருக்கிற கடையில் பிரெட், பன், ரஸ்க், பிஸ்கட் என்று ஏதாவது ஒரு பொட்டலம் வாங்கித்தான் படியேறுவார். சாதம் கனம், பிரெட் லேசு. குழம்பு கெடுதல், ரஸ்க் பத்தியம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் யோசித்ததும் இல்லை.

அதனால் எங்கள் வீட்டில் காலையில் டீயோடு ரஸ்க் வந்தது. மாலையில் நாலு துண்டு பிரெட்டைத் தோசைக்கல்லில் வாட்டிக் கொடுத்தேன். சோறு இறங்காத நாளில் பாக்கெட் சூப். என் நாத்தனார், அவருடைய அக்கா, பூந்தமல்லியில் இருக்கிறாள். வியாழக்கிழமைதோறும் பஸ் மாறி மாறி வந்து தம்பியைப் பார்ப்பாள். அவள் பையில் பெரிய பிரெட் ஒன்றும் ரஸ்க் பாக்கெட் இரண்டும் கட்டாயம் இருக்கும். ஓசூரில் வேலை பார்க்கிற எங்கள் மகன் போனிலேயே ஆர்டர் போட்டு, அட்டைப்பெட்டியில் மசாலா ஓட்ஸ் அனுப்பினான். பாக்கெட்டின் முன்பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயம் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த இதயத்தைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில், தின்பண்டங்களுக்கு பாக்கெட் கவர் அச்சடிக்கிற ஒரு யூனிட்டில் ஒன்பது வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். ரோல் ஓடி வரும், மேஜைக்கு அடியில் விளக்கு எரியும், குனிந்தபடியே பார்க்க வேண்டும். சிவப்பு மை கோட்டைத் தாண்டி வெளியே கசிந்திருக்கிறதா, மஞ்சள் வெளுத்திருக்கிறதா, படத்தின்மேல் புள்ளி விழுந்திருக்கிறதா. ஒரு இழை நகர்ந்திருந்தாலும் ரிஜெக்ட். இப்படி எத்தனையோ இதயங்களை என் கண் பார்த்து அனுப்பியிருக்கிறது. பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் பார்ப்பேன். எழுத்து உடைந்திருக்கிறதா, மை அப்பியிருக்கிறதா என்று மட்டும். படித்தால் வேலை ஓடாது. படிக்காதே, பார் என்றுதான் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொன்னார். பத்தாவது வரை படித்த நான், ஒன்பது வருஷமும் அந்த எழுத்துகளைப் பார்த்தேன், ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அந்தப் பழக்கம் வேலையை விட்ட பிறகும் போகவில்லை. மகன் அனுப்பிய பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நல்ல அச்சு. சிவப்பு மை கோட்டுக்குள் கச்சிதமாக நின்றது. இவ்வளவு சுத்தமாக அச்சடிக்கிறவன் உள்ளேயும் சுத்தமாகத்தான் போடுவான் என்று எனக்கு நானே சர்ட்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன்.

மசாலா ஓட்ஸை முதல்நாள் சாப்பிட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கிண்ணத்தை வழித்துவிட்டுக் கேட்டார்.

"இது சூப்பரா கீதே! இதுல மட்டும் எப்பிடிமே டேஸ்ட்டு வருது?"

"மசாலா போட்டுக்கீறாங்க. ஹார்ட்டுக்கு நல்லதுன்னு படமே போட்டுக்கீது பாருங்க."

கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டுவிட்டார். உப்பே நுழையாத வீட்டில் ஒரே ஒரு பண்டம் மட்டும் ருசியாக இருக்கிறது என்றால் ஏன் என்று பார்க்க வேண்டாமா? லேத்தில் ஒரு சத்தம் மாறினாலே மெஷினை நிறுத்துகிற ஆள் அவர். அதனால்தான் கேட்டார். நான்தான் படத்தைக் காட்டி அவர் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு அவர் உப்பு கேட்பது குறைந்தது. எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. அவருக்கு நாக்கு பழகிவிட்டது என்று மகனிடம் போனில் சொன்னேன்.

ஆனால் கால் வீங்கியது. தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள். மெஷினில் அவர் ஏறி நிற்பார், நான் குனிந்து முள்ளைப் பார்ப்பேன். சோறு பாதியாகக் குறைந்த மனிதருக்கு எடை ஏறிக்கொண்டே போனது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, மேலே வர நேரமாகும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தே கிடந்தார். நீர் பிரிகிற மாத்திரையைக் கூட்டினார்கள். அப்படியும் முடியாமல் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தண்ணீரை இறக்கி அனுப்பினார்கள்.

இரண்டாவது தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல உப்பு குறையலையேம்மா" என்றார். சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கதவோரம் நின்றிருந்த நாத்தனாருக்கு அது போதுமானதாக இருந்தது. வார்டில் எட்டுக் கட்டில் ஆளும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"உப்பப் போட்டுப் போட்டே என் தம்பிய சாவடிக்கிறாளே! நாக்கு கேக்குது இவளுக்கு, அதான்!"

"வந்து என் அடுப்படியப் பாருங்க அண்ணி. ஒரு கல்லு கீதா பாருங்க."

மறுநாளே வந்தாள். மிளகாய்த்தூள் டப்பா, பருப்பு டப்பா, சர்க்கரை டப்பா என்று ஒவ்வொன்றாகத் திறந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். எதுவும் அகப்படவில்லை. "எங்கியோ ஒளிச்சு வச்சிகினு கீற" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜாடி பரண்மேல் இருப்பதை அவள் பார்க்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பிரெட்டையும் ரஸ்க்கையும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் போனாள். அன்று மாலையே அதைப் பிரித்து அவருக்குக் கொடுத்தேன். எனக்கு வந்த கோபத்தில் அவள் கொடுத்ததைத் தெருவில் வீசியிருக்க வேண்டும். ரோஷம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ரோஷமில்லை.

மூன்றாவது தடவை சேர்த்தபோது, என்ன சாப்பிடலாம் என்று சொல்கிற ஒரு பெண்ணை வார்டுக்கு அனுப்பினார்கள். என் மகன் வயதுகூட இருக்காது. கட்டிலருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்துகொண்டு, நேற்று காலை எழுந்ததிலிருந்து வாயில் போட்டதெல்லாம் சொல்லச் சொன்னாள். நான் குழம்பில் ஆரம்பித்தேன். "சமையலை விடுங்க, மத்ததச் சொல்லுங்க" என்றாள். ரஸ்க், ஓட்ஸ், சூப், பிரெட், இனிப்பு பிஸ்கட் என்று சொல்லச் சொல்ல அவள் பேனா நின்றுவிட்டது. அந்த பாக்கெட்டுகளை எடுத்துவர முடியுமா என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போய் ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்தேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கத்தில் கோடு போட்டாள். நான் எழுத்து உடைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்த அதே பொடி எழுத்து.

"இங்க பாருங்கம்மா, உப்புன்னு ஒண்ணு இருக்கு. அது இல்லாம பொங்கி வர்றதுக்குப் போட்ட சோடா மாவு, ருசியைத் தூக்கிக் காட்டுறதுக்குப் போட்ட பவுடர், சிலதுல கெட்டுப்போகாம இருக்கறதுக்குப் போட்டது. இதுல முக்கால்வாசி சோடியம் சேர்ந்ததுதான். நாக்குக்கு எல்லாம் கரிக்காது, சர்க்கரை மறைச்சிடும். ஆனா உடம்பு கணக்குல எல்லாம் உப்புதான். ஒரு நாளைக்கு இவர் தாங்குற அளவைவிட ரொம்ப அதிகமா இதுலயே போயிருக்கு."

"பிரெட்டுலயா?"

"பிரெட்டுலயும்தான்."

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். பாக்கெட்டுகளைப் பைக்குள் திரும்பப் போட்டபடியே சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்போ சமையல்ல உப்பே போடலையா நீங்க? இதையெல்லாம் நிறுத்திட்டு, நாள் பூரா சமையலுக்கும் சேர்த்து அரை ஸ்பூன் போட்டுக்கலாமே. அதுவே வேணாம்னு யார் சொன்னது?"

யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"கேட்டுகினியாமே? அரை ஸ்பூனு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, நர்ஸ் வந்து முதுகைத் தட்டுகிற வரை நிற்கவில்லை. அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே ஜாடியைப் பரணிலிருந்து இறக்கினேன். உப்பு ஈரம் கோத்துக் கட்டியாகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்தேன். பாக்கெட் சாமான் அத்தனையையும் கட்டைப்பையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சங்கரா மீன் வாங்கி வந்து, புளி கரைத்து, அந்தப் பெண் கொடுத்துவிட்ட அளவு ஸ்பூனில் தலைதட்டி உப்பு எடுத்துப் போட்டேன். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் உப்பு போட்ட குழம்பு கொதித்தது. அவர் தட்டுக்கு முன்னால் முதல்முதலாகச் சாப்பிடப் போகிறவர் போல உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு போட்டியா?"

"போட்டேங்க."

"பொய் சொல்லாதமே. எப்பவும் போலதான் கீது."

நான் வாயில் வைத்துப் பார்த்தேன். எனக்கு உப்பு நன்றாகவே தெரிந்தது. நான் அந்த பாக்கெட்டுகளைத் தொட்டதில்லை, அது நோயாளிக்கு வாங்கியது என்பதால். அவர் நாக்கோ பதினான்கு மாதமும் ஓட்ஸுக்கும் சூப்புக்கும் பழகிப்போயிருந்தது. தலைதட்டின அரை ஸ்பூன் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மறுநாள் அவர் கண் முன்னாலேயே ஸ்பூனைக் காட்டிப் போட்டேன். "அது உப்பா இன்னான்னு யாருக்குத் தெரியும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என்னை நம்பவில்லை. நம்பும்படி நான் என்ன செய்திருந்தேன்?

நாளானால் நாக்கு தானாகத் திரும்பும், கொஞ்சம் பொறுங்கள் என்று அந்தப் பெண் போனில் சொன்னாள். நாங்களும் பொறுத்தோம். எடை இறங்க ஆரம்பித்தது. கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நாள் சாயங்காலம் தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். எனக்கு ஆசை வந்துவிட்டது. இன்னும் நாலைந்து வருஷம் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், முருங்கைக்கீரையும் ரசமும் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கும் ஏமாத்திட்டே" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது தலை ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. அவ்வளவுதான். பலவீனமான இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், இதனால்தான் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது என்றார் டாக்டர். என் மனசு ஆறுவதற்காகச் சொன்னாரா, உண்மையா என்று எனக்குத் தெரியாது.

நாத்தனார் வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். "உப்பப் போட்டே கொன்னுட்டியேடி" என்று ஊர் கேட்க ஒப்பாரி வைத்தாள். வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். உப்பே போடவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் போய்விட்டார், போட்டே கொன்றேன் என்று இவள் அழுகிறாள். இரண்டுக்கும் நடுவில் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிரெட்டும் ரஸ்க்குமாக அந்தக் கட்டைப்பை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. எடுத்துவந்து அவள் முன்னால் கொட்ட எத்தனை நேரம் ஆகும்? பிணம் கிடக்கிற வீட்டில் வேண்டாம் என்று விட்டேன். ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டியதை ஒரு வருஷம் முழுக்க மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தீட்டி வைத்திருந்தேன்.

வருஷ திதி வந்தது. அவர் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தோம். படையலுக்குச் செய்வதை ருசி பார்க்கக் கூடாது. குழம்பு கொதிக்கும்போது ஸ்பூனைத் தேடவில்லை. ஜாடிக்குள் கையை விட்டு அள்ளிப் போட்டேன். போதுமா, போதுமா என்று மனசுக்குள் அவரைக் கேட்டுக்கொண்டே இன்னொரு தடவையும் போட்டேன். நாத்தனார் பூந்தமல்லியிலிருந்து வந்து, பையிலிருந்து ஒரு ரஸ்க் பாக்கெட்டை எடுத்து இலையோரம் வைத்தாள். "கடைசி வரைக்கும் ஆசையா துன்னது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கும்பிட்டு முடித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். மகனும் அவளும் நானும்தான். அவள் முதல் வாய் வைத்ததுமே முகத்தைச் சுளித்தாள்.

"கரிக்குதே! இப்பகூட ஒன் கை அடங்கலியா? அன்னிக்கும் இப்பிடித்தானே வாரிக் கொட்டின?"

எழுந்துபோய்ப் படையலிலிருந்து அந்த ரஸ்க் பாக்கெட்டை எடுத்துவந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

"அண்ணி, இதுக்குப் பின்னாடி இன்னா எழுதிக்கீதுன்னு தெரியுமா?"

"எனுக்கு இங்கிலீஷ் தெரியுமா? நீயே படி."

படித்தேன். ஒன்பது வருஷம் பார்த்த எழுத்தை முதல்தடவையாக முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். மைதா, சர்க்கரை, எண்ணெய், ஈஸ்ட், உப்பு, அதற்குப் பிறகு நம்பர் நம்பராக என்னென்னவோ. உப்பு என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படித்தேன்.

"ரஸ்க்குலயா?" என்றாள்.

"ரஸ்க்குல, பிரெட்டுல, எல்லாத்துலயும். ஆஸ்பத்திரில அந்தப் பொண்ணு கோடு போட்டுக் காமிச்சுது. அவர் கால் வீங்கினது என் கொழம்பால இல்ல."

மகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஓட்ஸ் அனுப்பியது அவன். அதை நான் சொல்லவில்லை, அவனுக்கே புரிந்திருக்கும். நாத்தனார் பாக்கெட்டைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள். பஸ் பிடித்து, கால்வலியோடு, வெயிலில் வந்த வியாழக்கிழமைகள் அத்தனையும் அவள் முகத்தில் தெரிந்தன.

"அப்ப வாரா வாரம் நான்தான்..." என்று ஆரம்பித்தாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது.

"நீங்க வாரத்துல ஒரு நாளுதான் அண்ணி. நான் தெனமும் குடுத்தேன்."

அவள் குனிந்து, கரிக்கிற அந்தக் குழம்பை மறுபடியும் சோற்றில் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.